கோணலை எங்கே வைப்பது?

நான்கு மூலையும் செங்கோணமாக அமைந்த மனை நம் ஊர்களில் அரிது. பழைய நத்தத்தில் வழித்தடம் வளைந்த இடத்தில் மனையும் வளைந்தது. பாகப்பிரிவினையில் கிணற்றையோ மரத்தையோ ஒருவருக்கு விட்டுக்கொடுத்தபோது எல்லைக்கோடு சாய்ந்தது. வாய்க்கால் கரையை ஒட்டிய மனைக்கு வாய்க்காலே ஒரு பக்கம். திட்டமிட்டுப் பிரித்த லேஅவுட்டிலும் இதற்கு விலக்கில்லை. நேரான சாலையிலிருந்து அளந்து வெட்டிக்கொண்டே போனால், புலத்தின் உண்மையான எல்லை வந்து முட்டுகிற கடைசி வரிசை மனைகள் ஆப்பு வடிவிலோ சாய்சதுரமாகவோதான் மிஞ்சும். அம்மனைகள் சற்றுக் குறைந்த விலைக்குக் கிடைப்பதும் அதனால்தான்.

இப்படிப்பட்ட மனையில் வீடு கட்டுவோர் பெரும்பாலும் இரண்டில் ஒரு வழியில் போகிறார்கள். சுற்றுச்சுவருக்கு இணையாகவே வீட்டுச் சுவர்களையும் எழுப்பி, எல்லா அறைகளையும் கோணலாக்குவது ஒரு வழி. நடுவில் ஒரு செவ்வகத்தை வைத்துவிட்டு, சுற்றிலும் எதற்கும் உதவாத முக்கோணச் சந்துகளை விடுவது மற்றொன்று. முதல் வழியில் கோணல் எல்லா அறைக்கும் பங்கிடப்படுகிறது; இரண்டாவதில் அது கவனிப்பாரின்றி வெளியே விடப்படுகிறது. இரண்டிலும் கோணலுக்கென்று ஓர் இடம் தீர்மானிக்கப்படவில்லை. மனையின் கோணலை ஒழிக்க நம்மால் இயலாது. அது வீட்டின் எந்தப் பகுதியில் குடியிருக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய இயலும். வரைபடத்தின் முதல் வேலை அதுவே. அந்த முடிவுக்கு எப்படி வந்து சேர்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி அளவு. நம் கிரயப் பத்திரங்களில் செக்குபந்தி எனப்படும் நான்கெல்லை விவரத்தை எழுதியபின், கிழமேல் வடபுறம் இத்தனை அடி, தென்புறம் இத்தனை அடி, தென்வடல் கீழ்புறம் இத்தனை, மேல்புறம் இத்தனை என்று நான்கு நீளங்கள் கொடுக்கப்படும். எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்து, இரண்டையும் பெருக்கி, பரப்பு எழுதப்படுவது வழக்கம். செவ்வகத்துக்கு மட்டுமே இக்கணக்கு சரி. மற்ற எல்லா நாற்கரத்துக்கும் இது உண்மைப் பரப்பைவிட மிகையாகவே வரும். குறைவாக ஒருபோதும் வராது. காரணம் எளிது. நான்கு பக்க நீளங்கள் ஒரு நாற்கரத்தின் வடிவத்தை உறுதி செய்வதில்லை. 40 அடியும் 30 அடியும் பக்கங்களாகக் கொண்ட செவ்வகம் 1,200 சதுர அடி. அதே பக்கங்கள் 70 பாகைக்குச் சாய்ந்தால் பரப்பு ஏறக்குறைய 1,128 சதுர அடிதான். பத்திரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே எழுதப்படும்.

ஆகவே நான்கு பக்கங்களுடன் குறைந்தது ஒரு மூலைவிட்டத்தையாவது அளக்க வேண்டும். அப்போது மனை இரண்டு முக்கோணங்களாகப் பிரியும். மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணம் சாயவோ நெளியவோ வழியில்லை. வருவாய்த் துறையின் எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படம் இந்த அறிவின்மேல்தான் நிற்கிறது. புலத்தை மூலைவிட்டங்களால் முக்கோணங்களாக்கி, எல்லை வளையும் இடங்களுக்கு அக்கோடுகளிலிருந்து செங்குத்தாக அளவெடுத்துக் குறித்திருப்பார்கள். வரைபடம் தொடங்குமுன் அந்தப் புலப்படத்தையும் பத்திரத்தையும் தரையையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் பிற்பாடு வரும் பாதி வழக்குகளைத் தவிர்த்துவிடுவார். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துகொண்டால் இன்னும் நல்லது. இரண்டாவது முதல் அளவுகளைச் சரிபார்க்க உதவும்.

இனி ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். மேற்கு எல்லை 50 அடி, தெற்கு எல்லை 40 அடி, கிழக்கு எல்லை 35 அடி. தென்மேற்கும் தென்கிழக்கும் செங்கோணம். வடக்கே சாலை, அது சாய்வாக ஓடுவதால் வடக்கு எல்லை ஏறக்குறைய 42¾ அடி. உண்மைப் பரப்பு 1,700 சதுர அடி, அதாவது 4 சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. சராசரிக் கணக்கு காட்டுவது 1,758. சதுர அடி 2,000 ரூபாய் என்றால், இல்லாத 58 சதுர அடிக்கு வாங்குபவர் 1,16,000 ரூபாய் கொடுக்கிறார்.

இரண்டாம் படி ஆதாரக் கோடு. மனையின் நான்கு எல்லைகளில் எதற்கு இணையாக வீடு நிற்க வேண்டும்? சாலைக்கு இணையாக என்பதே பலருக்கும் முதலில் தோன்றும் விடை. முகப்பு தெருவைப் பார்த்து நேராக நின்றால்தான் அழகு என்ற எண்ணம் அதற்கு அடிப்படை. நம் எடுத்துக்காட்டில் அப்படிச் செய்தால், ஒரே ஒரு சாய்ந்த எல்லைக்காக மூன்று நேரான எல்லைகளோடும் வீடு முரண்படும். கிழக்கிலும் மேற்கிலும் தெற்கிலும் ஆப்பு வடிவச் சந்துகள் உண்டாகும். எந்தக் கோட்டோடு அதிகமான எல்லைகள் ஒத்துப்போகின்றனவோ அதுவே ஆதாரக் கோடு. இங்கு அது மேற்கு எல்லை. அதை ஏற்றுக்கொண்டால் கோணல் முழுவதும் வடக்கே, ஒரே பக்கத்துக்கு ஒதுங்கிவிடும். சாலையின் சாய்வு ஏறத்தாழ 20½ பாகை. ஒவ்வொரு அடிக்கும் 4½ அங்குலம் விலகல். இந்த 4½ அங்குலத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு வரும் எல்லாக் கணக்குக்கும் அதுவே வேர்.

மூன்றாம் படி, விடவேண்டிய திறந்தவெளி. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, சாலையின் அகலம், மனையின் அளவு, கட்டடத்தின் உயரம் முதலியவற்றைப் பொறுத்து எப்புறம் எவ்வளவு விட வேண்டும் என்று வகுத்துள்ளன; உங்கள் மனைக்கு உரியதை உள்ளாட்சி அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். விளக்கத்துக்காக நான்கு புறமும் 5 அடி என்று வைப்போம். கட்டத்தக்க பகுதி 30 அடி அகலம். அதன் மேற்கு ஓரம் 37¾ அடி, கிழக்கு ஓரம் 26½ அடி. பரப்பு 965 சதுர அடி. அதில் தெற்கே 30க்கு 26½ அடியில் ஒரு முழுச் செவ்வகம் அமைகிறது: 796 சதுர அடி. அதன் வடக்கே ஓர் ஆப்பு மிஞ்சுகிறது: 169 சதுர அடி. மேற்கு முனையில் 11¼ அடி ஆழம். கிழக்கு முனையில் ஒன்றுமில்லை.

மனையின் சிக்கல் முழுவதும் இப்போது இந்த 169 சதுர அடிக்குள் வந்துவிட்டது. முன்பு அது மனை முழுதும் பரவியிருந்தது. சிக்கலை ஒரு மூலைக்குக் கொண்டுவருவதுதான் முதல் மூன்று படிகளின் பயன்.

இந்த ஆப்பை எப்படிக் குறைப்பது என்பது அடுத்த கேள்வி. செவ்வகத்தை ஒரே துண்டாக வைக்காமல், 15 அடி அகலமுள்ள இரண்டு துண்டுகளாகப் பிரித்து, மேற்குத் துண்டை அதன் எல்லை அனுமதிக்கும் அளவு வடக்கே நீட்டலாம். அப்போது மேற்குத் துண்டு 32 அடிக்குச் சற்று மேல் நீளும். மிஞ்சுவது இரண்டு சிறு ஆப்புகள், இரண்டும் சேர்ந்து 84 சதுர அடி. அதாவது பாதி. மூன்று துண்டானால் மூன்றில் ஒரு பங்கு, 56. முகப்பைப் படிப்படியாகப் பின்வாங்கச் செய்கிற இம்முறை கோணல் மனைக்கு மிகப் பழைய, மிக நேர்மையான தீர்வு. ஆயினும் ஒவ்வொரு படியும் சுவரில் இரண்டு மூலையைக் கூட்டுகிறது. மூலைக்குத் தூண், தூணுக்கு அடித்தளம், மேலே உத்திரம் என்று செலவு ஏறும். இத்தகைய சிறு மனையில் இரண்டு படிகளுக்கு மேல் போவது தேவையில்லை என்பது என் கருத்து.

நான்காம் படி இக்கட்டுரையின் மையம்: வீட்டின் எந்தப் பகுதி கோணலைத் தாங்கும், எது தாங்காது?

படுக்கையறையிலிருந்து தொடங்குவோம். 5 அடி அகலக் கட்டிலை 20½ பாகை சாய்ந்த சுவரில் தலைமாடு வைத்துப் போடுகிறோம். பக்கச் சுவருக்கு இணையாக நிறுத்துகிறோம். தலைமாட்டின் ஒரு மூலை சுவரைத் தொடும்போது மறுமூலைக்குப் பின்னால் ஏறக்குறைய 2 அடி இடைவெளி. தலையணை விழும், துடைப்பம் எட்டாது. கட்டிலைத் திருப்பிச் சாய்ந்த சுவரோடு ஒட்டினால், அறையின் மற்ற மூன்று சுவர்களோடும் அது ஒட்டாமல் நிற்கும். பீரோவும் இப்படியே. நாம் வாங்கும் பொருள்கள் அனைத்தும் செங்கோணத்தில் செய்யப்பட்டவை. அவை மிகுதியாகக் குவியும் அறைக்குச் செங்கோணம் வேண்டும்.

குளியலறை இன்னும் கண்டிப்பானது. 1 அடிச் சதுர டைல்ஸை நேரான சுவரிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தால், சாய்ந்த சுவரை அடையும் ஒவ்வொரு வரிசையிலும் கடைசித் துண்டு முந்தைய வரிசையைவிட 4½ அங்குலம் குறையும். அதுவும் சாய்வாக வெட்டப்பட வேண்டும். ஓர் இடத்தில் அரை அங்குலச் சில்லாக முடியும். அந்தச் சில்லுதான் முதலில் பெயர்ந்து, அதன் வழியே நீர் இறங்கும். சமையலறையில் 2 அடி மேடையைச் சாய்வாக வெட்டிப் பொருத்த இயலும். ஆனால் அடுப்பும் தொட்டியும் அடுக்குகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாத கோணங்களில் நிற்கும். இம்மூன்று அறைகளுக்கும் கோணலைக் கொடுக்கலாகாது.

மேலே போடும் தளத்தையும் எண்ணிப் பாருங்கள். 6 அங்குலத்துக்கு ஒரு கம்பி என்றால், சாய்ந்த ஓரத்தில் ஒவ்வொரு கம்பியும் முந்தையதைவிட 2¼ அங்குலம் குறைவாக வெட்டப்பட வேண்டும். கம்பி கட்டுபவர் தனித்தனியாக அளந்து வெட்டுகிறார், கழிவு மிகுகிறது. சாய்ந்த பகுதி சிறிதாக இருந்தால் இது பொருட்டல்ல. வீடு முழுவதும் சாய்ந்தால் செலவுப் பட்டியலில் தெரியும்.

தாங்கக்கூடியவை எவை? திண்ணை, வாசல் தாழ்வாரம், கார் நிறுத்துமிடம், செடிகொடிக்கான இடம், துணி உலர்த்தும் பின்கட்டு, சுவரலமாரி. இவற்றில் மனிதர் அமர்வர், நடப்பர், நிற்பர். பொருள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய கட்டாயம் குறைவு. சுவரலமாரி இவற்றுள் தனிச்சிறப்புடையது. 2 அடி ஆழமுள்ள அலமாரி, 5 அடிக்குச் சற்று மேற்பட்ட நீளத்தில் நம் 20½ பாகையை முழுவதும் விழுங்கிவிடும்; கதவுகளின் பக்கம் நேர், முதுகுப்புறம் சாய்வு, அறைக்குள் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. இன்னொரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். விரிகோண மூலை எவருக்கும் இடையூறு செய்வதில்லை. அறை சற்றுத் திறந்தாற்போலவே தோன்றும். குறுங்கோண மூலைதான் தூசியும் ஒட்டடையும் சேரும் இடம். ஆகவே குறுங்கோணம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அலமாரியாலோ, குழாய்கள் செல்லும் தண்டாலோ அதை அடைத்துவிடுவது நலம்.

மாடிப்படியைக் கோண மூலையில் வைத்துச் சுற்றுப்படியாக ஏற்றிவிடலாம் என்று பலர் சொல்வதுண்டு. இதனை நான் ஏற்பதில்லை. ஆப்பு வடிவப் படிகளின் உட்புற முனையில் பாதம் வைக்க இடமில்லை. இரவில் இறங்கும் முதியவருக்கும் குழந்தைக்கும் அது ஆபத்து. படிக்கட்டு, அறைகளைப் போலவே, செவ்வகம் கேட்பது. 10 அங்குல மிதிப்பும் 7 அங்குல ஏற்றமுமாக 10½ அடி உயரத்துக்கு 18 ஏற்றங்கள். நடுவில் திரும்பும் படியானால் ஏறக்குறைய 6½க்கு 9¾ அடி வேண்டும். அதை முதலிலேயே ஒதுக்காமல், மிஞ்சிய மூலைக்குத் தள்ளுவது தவறு.

இங்கே, இந்தக் கொள்கையை மிக உயர்ந்த நிலையில் நிறைவேற்றிய ஒரு கட்டடத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. பாரிஸ் நகரின் மரே பகுதியில் ஃபிரான்சுவா மிரோன் தெருவில் இருக்கும் ஒத்தேல் தெ பொவே. அந்துவான் லெ போத்ர் என்ற கட்டடக்கலைஞர் 1650-களின் பிற்பாதியில் அமைத்தது. இடைக்காலத்தின் சிறு மனைகள் சிலவற்றைச் சேர்த்து உண்டான அந்நிலத்தின் எல்லைக்கோட்டைத் தனியே வரைந்து பார்த்தால், அதில் ஒரு மாளிகை அமையும் என்று நம்பவே முடியாது. எந்தப் பக்கமும் எதற்கும் இணையில்லை. லெ போத்ர் எல்லையிலிருந்து தொடங்கவில்லை. முற்றத்திலிருந்து தொடங்கினார். நிலத்தின் நடுவே இருபுறமும் ஒத்த, ஒழுங்கான, நீண்ட முற்றம் ஒன்றை வகுத்தார். முதன்மை அறைகள் அதைச் சார்ந்து ஒழுங்கு பெற்றன. ஒழுங்கான முற்றத்துக்கும் ஒழுங்கற்ற எல்லைக்கும் இடையே எழுந்த கோணல்களைப் படிக்கட்டுகளும் ஏவலர் அறைகளும் தடித்த சுவர்களும் ஏற்றுக்கொண்டன. தெருவிலிருந்து உள்ளே வருபவர் வட்டமான ஒரு முன்கூடத்தைக் கடந்து முற்றத்தை அடைகிறார். அங்கு நிற்பவருக்கு அம்மனை கோணலானது என்ற ஐயமே எழாது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது ஒன்று. கட்டடத்தை முதலில் வைத்து, மிஞ்சியதைத் திறந்தவெளி என்று அழைக்கும் பழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும். திறந்தவெளியை முதலில் நல்ல வடிவத்தில் வரைந்துவிட்டால், மற்றவை அதைச் சுற்றி ஒழுங்காகும். முற்றம் வைத்து வாழ்ந்த நமக்கு இது புதியதன்று. நான்கு பக்கமும் 3 அடிக்குக் குறைவாகக் குறுகி ஓடும் சந்தைவிட, ஒரே இடத்தில் 8க்கு 8 அடியாகக் கிடைக்கும் திறந்தவெளி வெளிச்சமும் காற்றும் தரும். விதிகள் கேட்கும் இடத்துக்கு மேல் விட முடிந்தால், அதை ஒரே இடத்தில் சேர்த்து விடுங்கள்.

மிகச் சிறிய மனையில் திறந்தவெளிக்கே இடமில்லாதபோது என்ன செய்வது? தோக்கியோவில் அசுமா தக்காமித்சு 1966-இல் தமக்கென்று கட்டிய கோபுர வீடு ஒரு விடை. மனை ஏறக்குறைய 20 சதுர மீட்டர். நம் கணக்கில் அரை சென்ட். அதுவும் ஒழுங்கற்ற வடிவம். அவர் தளத்துக்கு ஓர் அறை என்று செங்குத்தாக அடுக்கினார். அறைகளுக்கிடையே கதவே வைக்கவில்லை. குறுகிய தரையில் சுவர்களால் இன்னும் கூறுபோட்டால் கோணல் பெருகும்.

ஐந்தாம் படி வாஸ்து. நம்பினாலும் நம்பாவிட்டாலும், நம் குடும்பங்களில் வரைபடம் பெரியவர்களின் பார்வைக்குப் போகாமல் அடித்தளம் தோண்டப்படுவதில்லை. முன்பக்கம் குறுகிப் பின்பக்கம் விரிந்தது பசுமுக மனை. அதற்கு மாறானது சிங்கமுக மனை. முன்னது குடியிருக்கவும் பின்னது கடைக்கும் ஏற்றது என்பது மரபு. நம் மனையில் வேறொரு பேச்சு எழும். கிழக்கு எல்லை குறைந்ததால் ஈசானிய மூலை வெட்டுப்பட்டது என்பார்கள். இதற்கு மரபே தரும் தீர்வு, நீண்ட பகுதியைச் சிறு சுவரால் தனியாகப் பிரித்து, வீடு இருக்கும் பகுதியைச் செவ்வகமாக்குவது. நம் மனையில் 40க்கு 35 அடிச் செவ்வகம் பிரிந்து, வடக்கே 300 சதுர அடி ஆப்பு தோட்டமாகவும் வண்டி நிறுத்துமிடமாகவும் ஆகும். நாம் வடிவக் கணக்கால் வந்தடைந்த இடத்துக்கே மரபும் வந்து நிற்பதைக் கவனியுங்கள். மனையடி சாத்திரத்தின்படி 10, 11, 16 அடி போன்ற அளவுகளை விரும்புவோருக்கும் செங்கோண அறைகளே வசதி. கோணல் அறைக்கு எந்தப் பக்கத்தை அளவாகக் கொள்வது?

இப்போது வீட்டை வைத்துப் பார்க்கலாம். 30க்கு 26½ அடிச் செவ்வகத்தில் 9 அங்குல வெளிச்சுவர் போக உள்ளளவு 28½க்கு 25. மேற்கே 11 அடி அகலப் பட்டையில் தென்மேற்கிலும் வடமேற்கிலும் 11க்கு 10 அடிப் படுக்கையறைகள், நடுவே குளியலறை. கிழக்கே 17 அடி அகலப் பட்டையில் தென்கிழக்கே 10 அடிச் சமையலறை, அதை ஒட்டி உண்ணும் இடம், வடக்கே 16 அடி நீளக் கூடம். எல்லா மூலையும் செங்கோணம். கூடத்துக்கு முன்னால் 10 அடி நீளத்துக்குத் தாழ்வாரம். அதன் உள்விளிம்பு வீட்டுச் சுவருக்கு இணை, வெளிவிளிம்பு சாலைக்கு இணை. மேற்கு முனை 6¾ அடி ஆழம், கிழக்கு முனை 3 அடி. ஆழமான முனையில் திண்ணை. குறுகிவரும் பக்கத்தில், 4 அடிக்குக் குறையாத இடத்தில் தலைவாசல். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு வீடு தெருவை நேராகப் பார்க்கிறது. உள்ளே நுழைபவருக்கு அறைகள் நேராக இருக்கின்றன. இரண்டுக்கும் இடையிலான 20½ பாகையைத் தாழ்வாரத்தின் தரை வைத்துக்கொண்டது.

வடமேற்கே சாலைவரை 15 அடிக்கு மேல் ஆழம் கிடைக்கும். 4 மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார் அங்கே நிற்கும். அதே இடத்தில் மாடிப்படியும் வேண்டும் என்றால் இயலாது. கார் அங்கே என்றால் படி கூடத்துக்குள் வரவேண்டும். கூடம் 10 அடி அகலத்துக்குச் சுருங்கும். எது வேண்டும் என்பதைக் குடும்பமே முடிவு செய்ய வேண்டும். வடகிழக்கில் குறுகிவரும் பகுதியில் தண்ணீர்த் தொட்டியும், 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமான மழைநீர் சேகரிப்புக் குழியும் அமையலாம்.

வரைபடத்தைத் தாளில் முடித்ததும் மனையில் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். கட்டிலின் அளவுக்கு ஒரு பாயை விரித்து, சுற்றிலும் நடந்து, கதவு திறக்கும் பக்கம் நின்று பார்த்தால் தாளில் புலப்படாத நெருக்கடிகள் புலப்படும்.

பிறகு கொத்தனார் நூல் பிடிக்கும் நாள். அன்று வரிசை முக்கியம். வழக்கமாகச் சாலைப் பக்கத்து நூலை முதலில் கட்டிவிடுவார்கள். கோணல் மனையில் அதற்கு இடம் கொடுக்கலாகாது. முதல் நூல் மேற்குச் சுவருக்கு. தென்மேற்கு மூலையில் ஒரு நூலில் 6 அடியும் மற்றதில் 8 அடியும் குறித்து, குறுக்கே 10 அடி வருகிறதா என்று பார்த்து மூலைமட்டம் எடுக்க வேண்டும்; சிறிய 3, 4, 5 அளவைவிட இதில் பிழை குறையும். அடுத்துத் தெற்கு, கிழக்கு, பிறகு கூடத்தின் வடக்குச் சுவர். செவ்வகத்தின் இரண்டு மூலைவிட்டமும் ஒத்து வந்தபின் உள் அறைகள். சாலைக்கு இணையான தாழ்வார விளிம்பின் நூல் எல்லாவற்றுக்கும் கடைசி. அளவில் எங்கேனும் ஓர் அங்குலம் பிசகியிருந்தால், அந்த அங்குலம் கட்டிலும் டைல்ஸும் இல்லாத அந்த விளிம்பில் போய்ச் சேரட்டும்.